விலைப்புள்ளி

பீன்யா இரண்டாம் கட்டம், பம்பு கம்பெனி.
பதினோரு வருஷமாகக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன்.
விலைப்புள்ளி படித்துப் படித்தே
கண்ணோரம் சுருங்கிவிட்டது.
லெட்டர்ஹெட்டில் மயில் பெரிதாக இருந்தால்
சரக்கு சிறிதாக இருக்கும்.
"உங்க கம்பெனி மாதிரி நினைச்சுக்கோங்க மேடம்" என்றால்
லோடு தீபாவளி தாண்டித்தான் வரும்.

இந்த மாதம் என் போனுக்கே மூன்று வந்தன.
நான் கேட்காதவை.
எப்போதோ ஒரு சிற்றிதழ்
என் கதைக்குக் கீழே நம்பரையும் அச்சிட்டுவிட்டது.

முதலாவது "அன்புச் சகோதரி" என்று தொடங்கிப்
பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது.
கூலிக்குக் கூப்பிட்டவன்
வாசலில் டிக்கெட் கிழிக்கிறான்.
அழித்தேன்.

இரண்டாவது, மாதிரிக்கு மூன்று அத்தியாயம், இலவசமாக.
மாதிரி போல்ட்டைக்கூட நாங்கள்
சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவோம்.
எழுதிக் கொடுத்த மூன்று அத்தியாயத்தை
எந்தக் கூரியரில் திருப்பி வாங்குவது?

மூன்றாவது, மரிக்கொழுந்து நாவல்ஸ்.
மாதம் ஒரு புத்தகம், எழுதுவது சௌபர்ணிகா தேவி.
அப்படி ஒருத்தி இல்லை என்று
மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.
இதுவரை நான்கு பேர் அவளாக இருந்திருக்கிறார்களாம்.
நாற்பது அத்தியாயம், தலா ஆயிரத்து இருநூறு சொல்,
சொல்லுக்குப் பன்னிரண்டு காசு.
நாயகன் ஆறடி, காபி எஸ்டேட், முன்கோபம்.
பத்தாவதில் தாலி.
அறை விழலாம், ஒன்றே ஒன்று,
அதற்கு அவன் இருபத்தெட்டாவதில் அழவேண்டும்.

சாப்பாட்டு வேளையில்
சரக்கு வரவுச் சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
ஸ்டோர்ஸ் பசவண்ணெப்பாவிடம் கேட்காமலே தெரியும்
எட்டு எம்.எம். போல்ட் மூன்று ரூபாய் முப்பத்தாறு காசு.
ஒரு போல்ட்டுக்கு இருபத்தெட்டுச் சொல்.
ஒரு முத்தத்துக்கே எனக்கு நூறு ஆகும்,
வெட்கத்துக்குத் தனி.
மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்,
புத்தகம் வந்து தொண்ணூறு நாள் கழித்து.

ஜெபக்கனி என் அறைக்காரி,
ஜாலஹள்ளி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
சௌபர்ணிகா தேவியை
டிரிப் ஏறும் நேரத்துக்குள் முடித்துவிடுவாள்.
"எழுதுடி," என்கிறாள் கொசுவலைக்குள்ளிருந்து.
"அழுறப்ப யாரால அழுறேன்னு
எனக்காவது தெரியட்டும்."

அழித்திருப்பேன் அதையும்.
கடைசிப் பத்தியில் ஒரு வரி.
'உங்கள் கதையில் அந்தப் பெண்
சம்பளக் கவரை எண்ணாமலே பையில் போடுகிறாளே,
அங்கே வந்தபோது என் இறங்குமிடம் போய்விட்டது.'

எந்த விலைப்புள்ளியிலும் இப்படி ஒன்று வந்ததில்லை.
மேலே கீழே திரும்பப் படித்தேன்.
மற்ற பத்தியெல்லாம் "தாங்கள்", "தங்களின்",
காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி.
இந்த வரியில் மட்டும்
யாரோ பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்கள்.
கம்பியைப் பிடித்த கையிலேயே பத்திரிகையும்.

தாசரஹள்ளி சிக்னலில் ஆட்டோ நின்றபோது தட்டினேன்.
இந்தக் கடிதத்தை எழுதியது யார்?

பதில் வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்து நின்றது.
ஜெபக்கனி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போனாள்.
ஒன்பதரைக்கு வந்தது,
வேறு யாரும் பார்க்காத நேரம் பார்த்து அனுப்பியதுபோல.

'நான்தான் அக்கா. ஓனர் பேர்ல நான் எழுதுவேன்.
போன வருஷம் ரெண்டு புக்குக்கு சௌபர்ணிகாவும் நான்தான்.'

எவ்வளவு, என்று கேட்டேன். பழக்கம்.

'கடிதத்துக்கு இருநூறு. இன்னும் வரலை.
அந்த வரியை எடுத்துடச் சொன்னார், எடுக்கலை.
நல்லா இருந்துச்சா?'

ரொம்ப நல்லா இருந்தது
என்று அடித்து அனுப்பிவிட்டு
விரல் தானாக எண்ணியது.
மூன்று சொல். முப்பத்தாறு காசு.

அதன் பிறகு நெடுநேரம் பேசினோம்,
அவள் ஊர் பஸ்ஸைப் பற்றி,
என் கதையில் நான் வெட்டிய ஒரு பக்கத்தைப் பற்றி.
வேலை வேண்டாம் என்று சொல்ல
மறந்துபோனேன்.